முதுகெலும்பு முறிவு தீசிஸ்: ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பட்ட பாடு

போன வாரம் தீசிஸ் சமர்ப்பித்தாயிற்று. எலும்பியல் எம்.எஸ். முதுகெலும்பில் மார்புப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சேரும் இடத்தில் எலும்பு நொறுங்கி, அதை நிலைநிறுத்தப் பெடிக்கிள் ஸ்குரூ (முதுகெலும்பில் பொருத்தும் திருகாணி) போட்டவர்கள் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. ஆபரேஷன் நுணுக்கம் சீனியர்களிடம் கிடைக்கும், அதை எழுதப் போவதில்லை. அடுத்த பேட்ச்சில் யாராவது முதுகெலும்பு எடுத்தால் நான் அலைந்த அலைச்சல் அவர்களுக்கு வேண்டாம்.

எத்திக்ஸ் கமிட்டி முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டது. ஆய்வு முறையில் குறை இல்லை, தமிழ் ஒப்புதல் படிவத்தில்தான். ஆங்கிலப் படிவத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துத் தமிழாக்கி வாங்கியிருந்தேன். 'பங்கேற்பாளரின் தன்னிச்சையான விலகல் பராமரிப்புத் தரத்தைப் பாதிக்காது' என்ற மாதிரி வாக்கியங்கள். கமிட்டியில் மருத்துவம் சாராத பொது உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருப்பார். எங்கள் கமிட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த வரியை என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். "இதை உங்க வார்டுல படுத்திருக்கிறவர்கிட்ட படிச்சுக் காட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கமிட்டி அடுத்து கூடியது ஏழு வாரம் கழித்து.

அந்த ஏழு வாரத்தில் எங்கள் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் அக்காவோடு உட்கார்ந்து படிவத்தை முதலிலிருந்து எழுதினேன். "சேரலாம், சேராமலும் இருக்கலாம். சேர்ந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். எப்படியானாலும் உங்களுக்கு இதே ஆபரேஷன், இதே மருந்து, இதே கவனிப்புத்தான்." இவ்வளவுதான் அந்த வரி சொல்ல வந்தது. 'ஆராய்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் பயந்துவிடுகிறார்கள். ஒரு நோயாளியின் மனைவி, "என்ன சார், இவரை வச்சு சோதனை பண்ணப் போறீங்களா?" என்று கேட்டார். கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. எல்லோருக்கும் செய்யும் ஆபரேஷனைத்தான் இவருக்கும் செய்கிறோம், அதற்குப் பிறகு எப்படித் தேறுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம் என்று விளக்கியதும் சம்மதித்தார். சம்மதிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களையும் அதே கையால்தான் டிரெஸ்ஸிங் செய்தோம்.

சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளைப் பதியும் இந்தியப் பதிவேடு) பதிவு இரண்டு கேள்விகளோடு முடிந்தது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே நம்பர் கையில் இருக்கட்டும். ஆளைச் சேர்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்யலாம் என்பது 2018 ஏப்ரலோடு போயிற்று.

அடுத்து ரெக்கார்டு ரூம். முந்தைய இரண்டு ஆண்டு கேஸ்களையும் சேர்க்கலாம் என்று கைடு சொன்னார், அதற்கும் கமிட்டி அனுமதி வாங்கியிருந்தோம். தியேட்டர் ரிஜிஸ்டரைப் பார்த்து ஐ.பி. நம்பர்களை (உள்நோயாளி எண்) எழுதிக்கொண்டு போனேன். எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை. "டிஸ்சார்ஜ் தேதி இருக்கா? அதை வச்சுத்தான் கட்டு கட்டியிருக்கு." தியேட்டர் ரிஜிஸ்டரில் ஆபரேஷன் தேதிதான் இருக்கும். திரும்பி வார்டுக்குப் போய் டிஸ்சார்ஜ் நோட்டைத் தேடி எடுத்து, மாதவாரியாகப் பிரித்து, மறுநாள் போனேன். நான்கு நாள், டியூட்டி முடிந்து மதியம் இரண்டு மணிக்கு மேல், தூசியில் கட்டுகளைப் பிரித்தேன். எங்கள் கேஸ் ஷீட் ஒன்றிரண்டைத் தவிர எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் ஓர் அட்டெண்டர் அண்ணன்தான் சொன்னார்: "மரத்துல இருந்து விழுந்தது, வண்டியில அடிபட்டது எல்லாம் ஏ.ஆர். கேஸ் சார். அது இங்க இருக்காது." ஏ.ஆர். என்றால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், விபத்துப் பதிவேடு. விபத்து என்றால் போலீஸ் விவகாரம். அந்த கேஸ் ஷீட்டெல்லாம் பூட்டிய பீரோவில் தனியாக இருக்கும், ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரியின் உறைவிட மருத்துவ அதிகாரி) கையெழுத்து இல்லாமல் திறக்க மாட்டார்கள். முதுகெலும்பு முறிவில் பெரும்பாலானவை உயரத்திலிருந்து விழுந்ததும் சாலை விபத்தும்தான். அப்படியானால் நான் தேடிய ஏறத்தாழ எல்லாமே அந்த பீரோவில்தான் இருந்தன. முதல் நாளே அந்த எழுத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னமும் ஆறவில்லை எனக்கு.

ஆனால் அந்த பீரோவில்தான் எனக்கு வேண்டிய விவரம் கிடைத்தது. கேஸ் ஷீட்டில் அட்மிஷன் நேரம் இருக்கும், அடிபட்ட நேரம் இருக்காது. 2012-இல் வந்த ஸ்டாஸ்சிஸ் ஆய்வுக்குப் பிறகு தண்டுவட அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். அது கழுத்துக் காயங்களில் நடந்த ஆய்வு. நம் நோயாளிகளிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டுமானால் அடிபட்ட மணி தெரிய வேண்டும். ஏ.ஆர். காப்பியில் எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி, யார் கூட்டி வந்தது என்று எல்லாம் இருக்கிறது. பல பேர் முதலில் கட்டுப் போடும் இடத்துக்குப் போய், அங்கிருந்து தாலுகா ஆஸ்பத்திரி, அப்புறம் எங்களிடம் என்று வந்திருக்கிறார்கள். நாங்கள் கத்தியை எடுக்கும் முன்பே அந்த 24 மணி நேரம் கழிந்திருக்கிறது.

இவ்வளவு தேடியும் பழைய கேஸ்களைக் கடைசியில் கைவிட வேண்டியதாயிற்று. காரணம் ஏசியா ஸ்கோர், தண்டுவடப் பாதிப்பு எவ்வளவு என்று தரம் பிரிக்கும் அளவுகோல். கால் இரண்டும் 0/5, அதாவது அசைவே இல்லை என்று எழுதியிருக்கும். ஆசனவாயில் உணர்ச்சி இருந்ததா, சுருக்க முடிந்ததா என்பது இருக்காது. அதைப் பார்க்காமல் ஏ என்றும் சொல்ல முடியாது, பி என்றும் சொல்ல முடியாது. ஏ என்றால் முழுமையான பாதிப்பு. பி என்றால் கீழே கொஞ்சம் உணர்ச்சி மிச்சம் இருக்கிறது, தேறுவதற்கான வாய்ப்பும் அதிகம். ஆய்வுக்கு இதுதான் அடிப்படையே. சில ஷீட்டுகளில் நைட் டியூட்டி பி.ஜி.யாக (முதுகலை மாணவராக) இருந்த என் கையெழுத்தும் இருந்தது. அவற்றிலும் அந்தக் கட்டம் காலி. அன்று இரவே ஏசியா படிவத்தை 50 பிரதி எடுத்து கேஷுவாலிட்டியில் வைத்தேன். உடம்பின் இடம், வலம் என ஒவ்வொரு பக்கமும் 28 இடத்தில் உணர்ச்சி, 10 தசைத் தொகுதி, கடைசியில் ஆசனவாய்ப் பரிசோதனை. நோயாளி வந்ததும் ஒரு முறை, 72 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. ஸ்பைனல் ஷாக்கில் (அடிபட்டதும் தண்டுவடம் தற்காலிகமாகச் செயலிழந்த நிலையில்) இருப்பவரின் முதல் ஸ்கோரை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒப்புதலில் இன்னொரு தவறும் செய்தேன். கைநாட்டு வைப்பவர்களுக்குச் சாட்சியாக எங்கள் யூனிட் ஹவுஸ் சர்ஜனையே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தேன். சாட்சி எழுதப் படிக்கத் தெரிந்தவராக, ஆய்வுக் குழுவுக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும். கைடு பக்கத்தைப் புரட்டும்போது கண்டுபிடித்தார். வார்டில் இருந்தவர்களிடம் மறுபடி விளக்கி, வேறு சாட்சி வைத்து வாங்கினேன். ஒருவர் ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருந்தார். அவரை ஆய்விலிருந்து எடுத்துவிட்டோம்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம் ஃபாலோ-அப். காலில் உணர்வில்லாத ஒருவரை 80 கிலோமீட்டர் கூட்டி வர வேன் பிடிக்க வேண்டும், கூட ஒருவர் கூலியை விட வேண்டும். ஓர் எக்ஸ்-ரேக்காக யார் வருவார்கள்? கேஸ் ஷீட்டில் இருக்கும் போன் நம்பர் அநேகமாக அன்று தூக்கி வந்தவருடையது. வீட்டு நம்பர், பக்கத்துக் கடை நம்பர், அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் நம்பர் என்று மூன்றை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் போர்டு கூடும் நாளிலேயே ஃபாலோ-அப் வைக்கலாம் என்று தோன்றியது தாமதமாகத்தான். எப்படியும் அவர்கள் அதற்கு வரத்தான் வேண்டும். அப்படி மாற்றிய பிறகு வந்தவர்கள் கூடினார்கள்.

போன் எடுக்காத ஒருவரைத் தேடி இரண்டு பஸ் மாறிப் போனேன். 26 வயது, பனை ஏறுபவர். ஆபரேஷன் நன்றாக நடந்தது, எக்ஸ்-ரேயில் ஸ்குரூ எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தது. அவருடைய அம்மா திண்ணையில் இருந்தார். "அவன் போய் ரெண்டு மாசம் ஆச்சு தம்பி. முதுகுல புண்ணு வந்து, காய்ச்சல் விடவே இல்ல." நான் கொண்டுபோன கேள்வித்தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. போகாமல் இருந்திருந்தால் என் தீசிஸ் அட்டவணையில் அவர் 'ஃபாலோ-அப்புக்கு வரவில்லை' என்ற வரிசையில் ஓர் எண்ணாக இருந்திருப்பார். அந்த வரிசையில் இருந்த மற்ற எல்லோரையும் போனிலோ நேரிலோ விசாரித்து முடிக்க எனக்கு மேலும் மூன்று மாதம் ஆனது. டிஸ்சார்ஜ் நாளில் வீட்டாருக்கு இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது எப்படி, டியூப் வைத்துச் சிறுநீர் எடுப்பது எப்படி என்று அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதை அதற்குப் பிறகு நான் விட்டதில்லை.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வரும் தேர்வாளர் என்ன கேட்பாரோ தெரியாது. ஏ.ஆர். பீரோவில் இருக்கும் முதுகெலும்பு கேஸ்களை ஐ.பி. நம்பர், அடிபட்ட தேதி, டிஸ்சார்ஜ் தேதியோடு பட்டியல் போட்டு, ஆர்.எம்.ஓ. அனுமதியோடு பீரோவுக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தேன். கேட்க வேண்டியது எழுத்தரிடம் இல்லை, அட்டெண்டர் அண்ணனிடம்.