பக்கக் காற்றில் தரையிறங்குவது: மூன்று பாடங்களை ஒன்றாகப் படித்த அனுபவம்

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்காக டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) எழுத்துத் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் என்று தாள்கள் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். தாள் தனி என்பதால் படிப்பையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறோம். காற்று ஏன் அப்படி வீசுகிறது என்பது மெட்டியராலஜியில் இருக்கும். அதில் எத்தனை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) பக்கவாட்டில் விழுகிறது என்பது நேவிகேஷனில். வாலில் உள்ள ரடரும் இறக்கையில் உள்ள ஏலரானும் என்ன செய்கின்றன என்பது டெக்னிக்கலில். ஆனால் ரன்வேயை நெருங்கும்போது மூன்றும் ஒரே நேரத்தில் தேவைப்படும்.

பக்கக் காற்றில் தரையிறங்குவது என்ற ஒரே விஷயத்தை நடுவில் வைத்து, மூன்று புத்தகங்களையும் அதைச் சுற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பாடம் மனதில் தங்கியது. கூடவே விபத்து விசாரணை அறிக்கைகளையும் பாடப்புத்தகம் போலவே படித்தேன். கேள்வி வங்கியை மட்டும் மனப்பாடம் செய்தாலும் தேர்ச்சி பெறலாம்தான். இந்தத் தலைப்பில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு. காற்றின் திசைக்கும் ரன்வே திசைக்கும் உள்ள கோணத்தின் சைன் மதிப்பைக் காற்றின் வேகத்தோடு பெருக்கினால் பக்கக் காற்று. கோசைன் மதிப்பைப் பெருக்கினால் எதிர்க்காற்று. 30 டிகிரிக்குப் பாதி, 45-க்கு 0.7, 60-க்கு 0.87. இந்த மூன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். விமானத்துக்குள் மனக்கணக்காகப் போட கடிகார முறை போதும்: 15 டிகிரி என்றால் கால் மணி, அதாவது கால் பங்கு, 30 அரை, 45 முக்கால், 60-க்கு மேல் முழுசும். ரன்வே 27 (அதாவது 270 டிகிரி திசை), காற்று 310 டிகிரியிலிருந்து 20 நாட் என்றால் கோணம் 40. கடிகாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 13 நாட். சைன் போட்டுப் பார்த்தாலும் அதுவேதான் வரும்.

தேர்வில் மாட்டுவது இந்தப் பெருக்கலில் இல்லை. மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கையில் வரும் காற்றுத் திசை உண்மை வடக்கை வைத்துச் சொல்லப்படுவது. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் சொல்லும் காற்றும் ரன்வே எண்ணும் காந்த வடக்கை வைத்தவை. நம் ஊரில் காந்த விலக்கம் (இந்த இரண்டு வடக்குகளுக்கும் இடையிலான கோணம்) மிகக் குறைவு என்பதால் பறக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாது. கேள்வித்தாளில் விலக்கத்தை வேண்டுமென்றே பெரிதாகக் கொடுப்பார்கள். மெட்டாரில் காற்று 300 டிகிரி, 20 நாட், விலக்கம் 20 டிகிரி மேற்கு, ரன்வே 27. அப்படியே போட்டால் கோணம் 30, விடை 10 நாட். திருத்திப் போட்டால் காற்று 320, கோணம் 50, விடை 15 நாட். கொடுக்கப்படும் விடைத் தெரிவுகளில் இரண்டுமே இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சேர்த்துப் படித்துவிடுங்கள். மெட்டாரில் வருவது 10 நிமிடச் சராசரி. தரையிறங்கும்போது டவர் தருவது 2 நிமிடச் சராசரி. சராசரியை விட 10 நாட் அல்லது அதற்கு மேல் எகிறினால்தான் மெட்டாரில் கஸ்ட் (திடீர் வேக வீச்சு) என்று போடுவார்கள். ஆக, கஸ்ட் போடவில்லை என்பதால் காற்று சீராக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது மெட்டியராலஜி தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி. ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில், இதன் மதிப்பு வேறு.

அடுத்து, பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கும் ஒரு எண். செஸ்னா 172-ன் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் என்று இருக்கும். அது விமானத்தின் உச்ச வரம்பு இல்லை. சான்றிதழுக்கான சோதனைப் பறப்பில் செய்து காட்டப்பட்ட அளவு. அதற்கு மேல் விமானம் தாங்காது என்றோ, அதுவரை யார் வேண்டுமானாலும் இறக்கலாம் என்றோ அது சொல்லவில்லை. பயிற்சி நிலையங்கள் சோலோ (தனியாகப் பறக்கும்) மாணவர்களுக்கு வைக்கும் வரம்பு இதைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். உங்களுக்கு உரிய எண் அதுதான்.

இந்த வேறுபாடு புரிய நான் எல்லோருக்கும் சொல்வது ஹாம்பர்க் சம்பவத்தை. 2008 மார்ச் 1, எம்மா புயல் நாள். மியூனிக்கிலிருந்து வந்த லுஃப்தான்ஸா ஏர்பஸ் ஏ320 ரன்வே 23-ல் இறங்க வந்தது. டவர் கொடுத்த காற்று 300 டிகிரி, 33 நாட், கஸ்ட் 47. பேனாவை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். கோணம் 70. பக்கக் காற்று 31 நாட், கஸ்ட்டில் 44. அந்த விமானத்துக்குச் செய்து காட்டப்பட்ட அளவு 33 நாட், கஸ்ட்டோடு 38. விமானம் தரையைத் தொட்டதும் இடது இறக்கை முனை ரன்வேயில் உரசியது. விமானிகள் கோ-அரவுண்ட் செய்து, அதாவது இறங்குவதைக் கைவிட்டு, மறுபடி மேலே போனார்கள். யாருக்கும் காயமில்லை. அடுத்த முறை ரன்வே 33-ல் பத்திரமாக இறங்கினார்கள். இப்போது அதே காற்றை ரன்வே 33-க்குப் போடுங்கள். கோணம் 30, அதாவது பாதி: 16 அல்லது 17 நாட், கஸ்ட்டில் 23 அல்லது 24. காற்றும் விமானமும் அதேதான், ரன்வே மட்டும் வேறு.

ஜெர்மன் விசாரணை அமைப்பின் அறிக்கையில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. செய்து காட்டப்பட்ட அளவு என்றால் வரம்பா, தகவலா என்பதில் விமானிகளிடையே ஒரே புரிதல் இல்லை. நாம் கல்லூரியில் குழம்பும் அதே குழப்பம். இரண்டாவது, இடது பக்கச் சக்கரம் தரையைத் தொட்டதுமே விமானத்தின் கட்டுப்பாட்டு முறை தரைக்கான நிலைக்கு மாறி, பக்கவாட்டுச் சாய்வைக் கட்டுப்படுத்தும் திறன் குறைந்துவிட்டது. டெக்னிக்கல் தாளில் ஃபிளை-பை-வயர் (விமானியின் கட்டளையைக் கணினி வழியாகக் கடத்தும் முறை) படிக்கும்போது இந்த ஒரு உதாரணத்தை வைத்துப் படித்தால் மறக்கவே மறக்காது.

சரி, கையும் காலும் செய்யும் வேலைக்கு வருவோம். ஃபைனலில் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்து வருவது கிராப். அப்படியே தொட்டால் சக்கரங்களுக்குப் பக்கவாட்டுச் சுமை விழும். அதனால் தொடுவதற்கு முன் ரடரால் மூக்கை நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையை ஏலரானால் சற்றே தாழ்த்த வேண்டும். வலப்பக்கக் காற்று என்றால் வலது ஏலரான், இடது ரடர். ரடர் மூக்கை ரன்வேக்கு இணையாக வைக்கிறது. ஏலரான் விமானம் பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்கிறது. இந்த இரண்டு வேலைகளையும் மூளை பிரித்துப் பார்க்கும்வரை தடுமாற்றம் தீராது.

எனக்கு அது பிரிந்தது ஒரு பயிற்சியில்தான். இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்க, தரையைத் தொடாமல், ரன்வேக்குக் கொஞ்சம் மேலே நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை பறந்து, பிறகு மேலே ஏறிவிடுவது. தொட வேண்டும் என்ற பதற்றம் இல்லாததால் காலும் கையும் தனித்தனியாக என்ன செய்கின்றன என்பது தெளிவாகத் தெரிந்தது. உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் நீங்களாகவே இதைக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கஸ்ட் இருந்தால் அதன் கூடுதலில் பாதியை அப்ரோச் (இறங்கிவரும்) வேகத்தோடு சேர்ப்பது சிறிய விமானங்களுக்கான பழக்கம். 15 நாட், கஸ்ட் 25 என்றால் 5 நாட் கூடுதல். அப்புறம், தொட்டவுடன் ஏலரானை விட்டுவிடாதீர்கள். வேகம் குறையக் குறைய ஏலரானின் பலமும் குறையும். அதனால் காற்றின் பக்கம் அதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். விமானம் நின்று, டாக்ஸி செய்து, கட்டிப்போடும் வரை காற்று எந்தப் பக்கம் என்பது மனதில் இருக்க வேண்டும்.

பெரிய ஜெட்களில் இறக்கையை ரொம்பத் தாழ்த்த முடியாது, இறக்கைக்குக் கீழே தொங்கும் இன்ஜின் தரையில் உரசும். அதனால் அவை கிராப்பை ஓரளவு வைத்துக்கொண்டே தொடுவதும் உண்டு. பி-52 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரங்களையே 20 டிகிரி வரை திருப்பிவைக்க முடியும். மூக்கு ஒரு பக்கம் பார்க்க, விமானம் நேராக ஓடும். வீடியோ கிடைத்தால் பாருங்கள், கிராப் என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

கடினமான விமான நிலையங்கள் பற்றிப் படிப்பதையும் பொழுதுபோக்காக நினைக்காதீர்கள். பாடத்தில் உள்ள ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு ஊர் இருக்கிறது. லே விமான நிலையம் 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. 1,000 அடிக்குச் சுமார் 2 சதவீதம் என்ற கணக்கில், கருவி காட்டும் வேகத்தை விட உண்மையான வேகம் அங்கே 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் 40 சதவீதத்துக்கும் மேல் அதிகம். மலைகள் சூழ்ந்திருப்பதால் பொதுவாக ஒரு பக்கமிருந்து இறங்கி, எதிர்ப்பக்கம் கிளம்புகிறார்கள். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும் என்பதால் பயணிகள் விமானங்கள் காலையிலேயே போய் வந்துவிடுகின்றன. அனபாடிக் காற்று (வெயிலில் மலைச்சரிவேறும் காற்று), பள்ளத்தாக்குக் காற்று என்று மெட்டியராலஜியில் அரைப் பக்கத்தில் படித்ததுதான் ஒரு விமான நிலையத்தின் கால அட்டவணையையே எழுதுகிறது.

மெக்கானிக்கல் டர்புலன்ஸ் (மலை போன்ற தடைகளால் காற்று கொந்தளிப்பது) பாடத்துக்கு போர்ச்சுகலின் மதீரா தீவில் உள்ள ஃபுஞ்சால். மலையைத் தாண்டி வரும் காற்று ரன்வேயின் இரு முனைகளிலும் வேறு வேறாக வீசும். அதனால் அங்கே காற்று வரம்புகள் கட்டாயம். மீறி இறங்க முடியாது. 1964-ல் திறந்தபோது ரன்வே 1,600 மீட்டர்தான். 1977 நவம்பரில் மழையிரவில் ஒரு போயிங் 727 ரன்வேயைத் தாண்டி ஓடி 131 பேர் இறந்தார்கள். 2000-ல் கடலோரமாகத் தூண்கள் நட்டு ரன்வேயை 2,781 மீட்டராக நீட்டினார்கள். 1998-ல் மூடப்பட்ட ஹாங்காங்கின் காய் டாக்கில் ரன்வே 13-க்கு மலையில் வரைந்த கட்டங்களைப் பார்த்து, தாழ்வான உயரத்தில் வலப்பக்கம் 47 டிகிரி திரும்பித்தான் ரன்வேக்கு நேராக வர முடியும். அந்தத் திருப்பத்தில் பக்கக் காற்றும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று காகிதத்தில் வரைந்து பாருங்கள், டிரிஃப்ட் (காற்றால் பாதை விலகுதல்) பாடம் தானாகப் புரியும்.

நமக்கு மிக அருகில் இருப்பது கோழிக்கோடு. 2020 ஆகஸ்ட் 7-ல் நடந்த விபத்தின் அறிக்கையை முழுசாகப் படியுங்கள். மழை. ரன்வே 28-ல் முதல் முயற்சி கைவிடப்பட்டு, அடுத்து ரன்வே 10-ல், பின்காற்றோடு இறங்கினார்கள். 8,858 அடி ரன்வேயில் விமானம் தரையைத் தொட்டது 4,438 அடி தாண்டி. மேசைபோன்ற மேட்டின் விளிம்பைத் தாண்டி விமானம் கீழே விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் உயிரிழந்தார்கள். பக்கக் காற்றைக் கணக்குப் போடும் மாணவர்கள் பின்காற்றை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். பின்காற்றால் தரைவேகம் 10 சதவீதம் கூடினால் தரையிறங்கும் தூரம் சுமார் 21 சதவீதம் கூடும். ஈரமான ரன்வேயில் தூரம் இன்னும் கூடும்.

அந்த அறிக்கையில் என்னை மிகவும் உலுக்கியது வேறு. துணை விமானி கோ-அரவுண்ட் என்று சொல்லியிருக்கிறார். 2010 மே 22-ல் 158 பேர் இறந்த மங்களூரு விபத்திலும் துணை விமானி கோ-அரவுண்ட் கேட்டது பதிவாகியிருக்கிறது. அப்ரோச் சீராக இல்லை என்றால், மேகத்துக்குள் 1,000 அடியிலும், தெளிவான வானிலையில் 500 அடியிலும் முடிவெடுத்துவிட வேண்டும் என்று ரெகுலேஷன்ஸுக்குப் படிக்கிறோம், நேர்முகத் தேர்விலும் ஒப்பிக்கிறோம். வாயால் சொல்லிப் பழகுவதில்லை. லைசென்ஸ் வாங்கியதும் நாம் உட்காரப் போவது துணை விமானி இருக்கையில், நம்மைவிட எத்தனையோ ஆண்டு மூத்த ஒருவருக்குப் பக்கத்தில்.

படிக்கும் வரிசை என்று கேட்டால், ஹாம்பர்க் அறிக்கையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அதில்தான் சுத்தமாக வரும். பிறகு கோழிக்கோடு, பிறகு மங்களூரு. இதற்கிடையில் தினமும் ஒரு மெட்டார். சென்னையில் மதியம் கடற்காற்று 130 டிகிரியிலிருந்து 12 நாட் என்று வைத்துக்கொண்டால், ரன்வே 07-க்குப் பக்கக் காற்று 10 நாட், ரன்வே 12-க்கு 2 நாட். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் மாதங்களில் கோயம்புத்தூர் மெட்டாரை எடுத்து ரன்வே 23-க்குப் போடுங்கள்.

அறையில் நண்பர் இருந்தால் இருவருமாக நாற்காலியில் உட்கார்ந்து அப்ரோச்சை வாயால் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் காற்றையும் உயரத்தையும் சொல்லட்டும். 500 அடியில் ஏதாவது ஒன்று சரியில்லாதபடி வைத்துக்கொண்டு, கோ-அரவுண்ட் என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் தொடர்ந்தால் இன்னும் சத்தமாக, மறுபடியும்.