குஞ்சைப் பெற்றோரிடமே விட்டுவைத்தல்: ஒரு காக்டெயில் ஜோடியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

என் காக்டெயில் (cockatiel) ஜோடிக்கு, அதாவது கொண்டை வைத்த சின்ன ஆஸ்திரேலியக் கிளிகளுக்கு, இன்று கூடுபெட்டியை மாட்டிவிட்டேன். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஏறக்குறைய 30 செ.மீ. அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மரச்சீவல். வாசனை தூக்கலான மரத்தின் சீவல் வேண்டாம், கிளிகளின் மூச்சுக்கு அது ஆகாது.

பெட்டியைக் கண்டாலே காக்டெயிலுக்கு முட்டையிடும் நினைப்பு வந்துவிடும். அதனால்தான் ஆண்டு முழுக்கத் தொங்கவிடக் கூடாது. ஓயாமல் முட்டையிடும் பெட்டை எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ஓடு கட்டும். ஒரு கட்டத்தில் முட்டை பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். அப்படி இறந்த பறவைகளைப் பற்றி வளர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்.

ஆண் சாம்பல் நிறம், பெட்டை லுட்டினோ, அதாவது கறுப்புச் சாயம் இல்லாமல் மஞ்சள்வெள்ளையாக, சிவந்த கண்ணோடு பிறக்கும் வகை. லுட்டினோவோடு லுட்டினோவைச் சேர்த்துக்கொண்டே போனால் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை கூடும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஜோடி. சில வாரங்களாகவே தினையைக் குறைத்துவிட்டேன். வெறும் விதையிலேயே வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ போதாது, ஈரலில் கொழுப்பும் ஏறும். முளைகட்டிய தானியம், கேரட், கீரை, வாரம் இரண்டு தடவை அவித்த முட்டை. கடல் நுரை என்கிற கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கும்.

போஷாக்கு என்றால் கொழுக்கவைப்பது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்தின் காகாப்போ கிளிக்கு இனம் பெருக வேண்டும் என்று கூடுதல் தீனி கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகத் தின்று கனத்த பெட்டைகளுக்கு ஆண் குஞ்சுகளே அதிகம் பிறந்தன. 1995இல் உலகத்திலேயே 51 காகாப்போதான் இருந்தது, பெண்ணுக்குத்தான் பஞ்சம். பிறகு ஒவ்வொரு பெட்டையின் எடையையும் பார்த்துத் தீனியை அளந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். என் தராசு சமையலறைத் தராசுதான், ஆனாலும் வாரம் ஒருமுறை நிறுக்கிறேன்.

பிப்ரவரி 17

முதல் முட்டை. இனி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்.

பிப்ரவரி 26

ஐந்தாவதோடு நின்றுவிட்டது. மூன்றாவது முட்டைக்குப் பிறகுதான் ஒழுங்காக அடைகாக்க உட்கார்ந்தார்கள். பகலில் ஆண், இரவில் பெட்டை. பட்ஜி என்ற சின்னக் கிளியில் இப்படிக் கிடையாது, அங்கே பெட்டைதான் முழுநேரமும் அடைகாக்கும், ஆண் வெளியிலிருந்து ஊட்டிவிடுவதோடு சரி. காக்டெயில் ஆண் பெட்டிக்குள் இருந்துகொண்டு பாம்பு மாதிரிச் சீறுகிறான். கையை நீட்டினால் கொத்து நிச்சயம். சீறாத தகப்பன்தான் எனக்குக் கவலை.

மார்ச் 2

இரண்டு பேரும் தீனிக்கு இறங்கிய நேரம் பார்த்து, கைபேசி விளக்கை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். நான்கில் இரத்த நாளம் சிலந்தி வலை போல ஓடுகிறது. மூன்றாவது மட்டும் கூமுட்டை. அதை எடுக்கவில்லை. பொரித்த குஞ்சுகள் சாய்ந்துகொள்ள இடமாக இருக்கும், சூட்டையும் கொஞ்சம் பிடித்துவைக்கும்.

மார்ச் 13

நேற்று இரண்டு பொரித்தன. மஞ்சள் பஞ்சு, மூடிய கண், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. இமைக்கு அடியில் கண் கறுப்பாகத் தெரிகிறது, அதாவது எதிர்பார்த்தபடி லுட்டினோ இல்லை. மாலையில் கழுத்தடியில் உள்ள தீனிப்பை நிறைந்து பலூன் மாதிரி இருந்தது. இந்த இரண்டு வாரமும் எனக்கு வேலை தீனியை மாற்றி மாற்றி வைப்பது மட்டும்தான். மென்மையான உணவு சில மணி நேரத்தில் கெட்டுவிடும்.

மார்ச் 19

நான்காவது குஞ்சு மூன்று நாள் முன்பு பொரித்தது. அண்ணன்மாரைவிடப் பாதி கூட இல்லை. காலையில் அதன் தீனிப்பை காலி. சரி, நானே ஊட்டுவதற்காகச் சிரிஞ்சைக் கையில் எடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரே வளர்க்கட்டும் என்று பேசுவதால் நான் சிரிஞ்சுக்கு எதிரி இல்லை. குஞ்சுகளுக்கான ஊட்டுமாவைக் குழைத்து, வெப்பமானியில் 39 முதல் 41 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தீனிப்பை வெந்து ஓட்டையே விழும், ஆறிப்போனால் செரிக்காமல் தேங்கிப் புளிக்கும். மைக்ரோவேவில் வைத்துக் கலக்காமல் கொடுப்பவர்களால்தான் பாதிக் குஞ்சுகள் வேகின்றன என்று நினைக்கிறேன். இரண்டு வேளை இப்படி ஊட்டிவிட்டு உடனே பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். தாய் மறுப்பு சொல்லவில்லை. மறுபடி எடை ஏறியதும் என் கை விலகிவிடும்.

மார்ச் 21

மூத்த இரண்டுக்கும் காலில் அடையாள வளையம் போட்டாயிற்று. முன்விரல் இரண்டையும் நீளமான பின்விரலையும் ஒன்றாகப் பிடித்து வளையத்துக்குள் விட்டு, மிச்சமிருக்கும் சின்ன விரலை மெல்ல வெளியே இழுத்தால் வேலை முடிந்தது. இந்த வயதைத் தாண்டினால் கால் பருத்துவிடும். வளர்ந்த கிளிக்கு மூட்டில்லாத வளையத்தை மாட்டவே முடியாது. அதனால்தான் அந்த வளையம், இந்தப் பறவை காட்டில் பிடித்ததல்ல, கூண்டில் பிறந்தது என்பதற்குச் சாட்சியாகிறது. சாட்சியைப் பொய்யாக்கப் பெரிய வளையத்தைக் கட்டாயமாக நுழைப்பவர்களும் இருக்கிறார்கள். வளையம் ரொம்பத் தளர்ந்து ஆடினால் சந்தேகப்படலாம்.

மார்ச் 25

தெரிந்த பையன் ஒருவன் போன் செய்தான். "அண்ணா, மூணு வாரத்துல எடுத்துக் கொடுத்துடுங்க, நானே ஊட்டி வளர்த்துக்கிறேன். அப்பதான் என்கூட ஒட்டும்."

இதைச் சொல்லாத ஆளே இல்லை. நானும் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன், ஆனாலும் சொன்னேன். கையில் ஊட்டினால்தான் பழகும் என்பது உண்மை இல்லை. கூட்டிலேயே பெற்றோர் ஊட்டி வளர்க்கும் குஞ்சை, தினமும் கொஞ்ச நேரம் எடுத்துக் கையில் வைத்திருந்து திருப்பி விட்டால் போதும். அமேசான் கிளிகளிடம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், அப்படிக் கையாண்ட குஞ்சுகள் மனிதரிடம் அஞ்சாமல் வளர்ந்தன. பழக்கத்தைக் கொடுப்பது ஊட்டுகிற சிரிஞ்ச் இல்லை, அன்றாடம் தொடுகிற கைதான்.

"வந்து தினமும் பத்து நிமிஷம் கையில வெச்சுக்கோ, குஞ்சு அங்கேயே இருக்கட்டும்" என்றேன். முனகினான். அப்புறம் வருகிறேன் என்றான்.

மார்ச் 30

வந்தான். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் துண்டு விரித்து வைத்துக்கொண்டான். மூத்ததின் முள்ளிறகுகள் விரியத் தொடங்கியிருக்கின்றன. ஆண் கம்பியில் நின்றபடி முழு நேரமும் அவனையே முறைத்துக்கொண்டிருந்தது.

பேச்சு கிளியின் பெயரில் வந்து நின்றது. அவன் நான்கு பெயர் தயாராக வைத்திருந்தான். கிளிகளுக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கலாம் என்றேன், நம்பவில்லை. கார்ல் பெர்க் என்பவரின் குழு வெனிசுவேலாவில் பேரட்லெட் என்ற கையடக்கக் கிளிகளைக் கூட்டுக்குள் கேமரா வைத்துக் கவனித்தது. ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியான அழைப்பொலி உண்டு. சில கூடுகளின் முட்டைகளை இடம் மாற்றி வைத்தார்கள். குஞ்சுகளின் அழைப்பொலி பெற்ற தாயுடையதைப் போல அமையவில்லை, வளர்த்தவர்களுடையதை ஒத்திருந்தது. 2011இல் வெளியான ஆய்வு. குஞ்சு பறக்கும் முன்பே, இருட்டுக் கூட்டுக்குள்ளேயே, பெற்றோர் அதற்கு ஒரு அழைப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். காக்டெயிலிலும் அப்படியே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெட்டிக்குள் இரவில் கேட்கும் அந்த முணுமுணுப்பை இனி வெறும் சத்தம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

ஏப்ரல் 6

சிறிசு தேறிவிட்டது. சிரிஞ்சைக் கழுவி உள்ளே வைத்தாயிற்று.

மனிதன் மட்டுமே வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி சிரோக்கோ. 1997இல் பிறந்த காகாப்போ. மூச்சுக் கோளாறுக்காகத் தனியாக எடுத்து வைத்து, கையால் ஊட்டி வளர்த்தார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் தன்னை மனிதன் என்றே எடுத்துக்கொண்டது. காகாப்போ பெட்டைகளைச் சீண்டவில்லை, 2009இல் படப்பிடிப்புக்கு வந்த மார்க் கார்வர்டைன் என்ற விலங்கியலாளரின் தலைமேல் ஏறி இணைசேர முயன்றது. காணொளியைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுவருடம் நியூசிலாந்து அரசு அதற்குத் தூதர் பதவியே கொடுத்தது. ஆனால் அவ்வளவு அரிய இனத்தில் ஒரு ஆண் இனப்பெருக்கக் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. இப்போது கையில் வளர்க்க வேண்டி வந்தாலும் குஞ்சுகளைக் கூட்டமாகவே வைத்து வளர்க்கிறார்கள்.

அரிசோனாவில் நடந்தது இன்னும் கொடுமை. 1986 முதல் 1993 வரை தடித்த அலகுக் கிளிகளைப் பைன் காடுகளில் விட்டுப் பார்த்தார்கள். கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்த காட்டுக் கிளிகளுக்காவது கூட்டமாகப் பறக்கத் தெரிந்திருந்தது. கூண்டில் பிறந்தவற்றுக்கு, அதிலும் கையால் ஊட்டி வளர்த்தவற்றுக்கு, கூட்டத்தோடு சேரவே தெரியவில்லை. பருந்துகளுக்கு அவை சுலப இரை. கடைசியில் முயற்சியைக் கைவிட்டார்கள். கண் பார்க்கிற திசை, எச்சரிக்கைக் குரல், கூட்டத்துக்குள் நிற்கும் இடம், இதையெல்லாம் எந்த மாவில் குழைத்து ஊட்டுவது?

ஏப்ரல் 16

மூத்தது பெட்டியை விட்டு வெளியே பறந்தது, நேராகக் கம்பிவலையில் மோதி இறங்கியது. அடி இல்லை. இன்று இரவிலிருந்து சிறிய விளக்கு ஒன்று எரியவேண்டும். காக்டெயில்களுக்கு இருட்டில் திடீர்ப் பீதி வரும். ஒன்று துள்ளினால் கூண்டு மொத்தமும் சிறகடித்துக் காயப்படும்.

ஏப்ரல் 28

பறவை வளர்ப்பவர்கள் சிலர் இன்று வந்திருந்தார்கள். பேச்சு வழக்கம்போல "நாம இல்லைன்னா இந்த இனமெல்லாம் அழிஞ்சிருக்கும்" என்பதில் போய் நின்றது. எனக்கு அங்கே ஒத்துவராது. காக்டெயிலும் பட்ஜியும் காட்டிலேயே ஏராளம். உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் ஏறக்குறைய எல்லாக் கிளியினங்களையும் பட்டியலில் வைத்திருக்கிறது. விலக்கு வாங்கிய நான்கைந்துக்குள் இந்த இரண்டும் அடக்கம். நான் லுட்டினோவும், முத்துப்புள்ளி இறகுள்ள பேர்ல் வகையும் வளர்ப்பதால் ஆஸ்திரேலியாவில் ஒரு மரம்கூடக் கூடுதலாக முளைக்கப்போவதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, வளர்க்கிறேன். அவ்வளவுதான்.

ஆப்பிரிக்கன் கிரே கதையோ நேர்மாறு. பேசுகிற கிளி என்ற ஆசையே அதைக் காடுகாடாகக் காலிசெய்தது. 2016 மாநாட்டில் முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள், காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு அனுப்ப இனி வழியில்லை. காகிதம் இல்லாத கிரே யாராவது கொடுத்தால், விலை எவ்வளவு சலுகையாக இருந்தாலும் தொடக் கூடாது என்பது என் கட்சி. இதற்கு மட்டும் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

கூண்டு உண்மையாகவே ஒரு இனத்தைத் தாங்கிப் பிடித்ததும் உண்டு. ஸ்பிக்ஸ் மக்காவ் என்ற நீலக்கிளி. 1990இல் பிரேசிலின் வறண்ட காட்டில் ஒரே ஒரு ஆண் மிஞ்சியிருந்தது, துணையில்லாமல் வேறு இனப் பெட்டையோடு சுற்றிக்கொண்டிருந்தது. 2000க்குப் பிறகு அதையும் யாரும் பார்க்கவில்லை. கூண்டுகளில் இருந்தவற்றைக் கொண்டே இனத்தைப் பெருக்கி, 2020இல் 52 பறவைகளை ஜெர்மனியிலிருந்து பிரேசிலுக்கு அனுப்பினார்கள். 2022இல் முதல் எட்டு வெளியே விடப்பட்டன. அவற்றோடு காட்டு வாழ்க்கை தெரிந்த இலிகர் மக்காவ் என்ற வேறு இனக் கிளிகளையும் சேர்த்து விட்டார்கள், எங்கே தின்பது, எதைப் பார்த்து ஓடுவது என்று காட்டிக்கொடுக்க ஆள் வேண்டுமே! அரிசோனாவில் விட்டதை இங்கே பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுவருடமே காட்டில் குஞ்சு பொரித்தது.

ஆனால் 2025இல் அந்தப் பறவைகளிடம் சர்க்கோ வைரஸ் தென்பட்டது. இறகும் அலகும் சிதையும் நோய், மருந்து கிடையாது. மொரீஷியஸின் எக்கோ கிளிகளையும் அதே நோய் வாட்டியது. வந்திருந்தவர்களில் ஒருவர் புதுப்பறவையை அன்றைக்கே பழைய கூண்டில் விடுகிறவர். அவரைப் பார்த்துத்தான் இதைச் சொன்னேன். பிசிஆர் பரிசோதனைக்கு இரத்தத்துளியும் இறகும் போதும். முடிவு வரும்வரை வேறு அறை, வேறு தட்டு, கடைசியில் கவனிப்பது புதுசை. அவர் தலையாட்டினார். செய்வாரா தெரியாது.

மே 11

மூன்று குஞ்சுகள் தாமாகவே தின்கின்றன. தாமாகத் தின்கிறது என்றால் விதையைக் கொறிப்பது மட்டும் இல்லை, உமியை நீக்கி உள்ளே விழுங்குகிறதா, எடை இறங்காமல் நிற்கிறதா என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும். பெற்றோர் வளர்த்த குஞ்சுகளுக்கு இந்த மாற்றம் தானாக நடக்கிறது. அப்பன் தட்டுக்குப் போனால் பின்னாலேயே போகின்றன.

பெட்டியைக் கழற்றிவிட்டேன். பெட்டைக்கு இந்த ஆண்டு இது போதும்.

பையன் இரண்டைக் கொண்டுபோகிறான். ஒற்றைக் குஞ்சாகக் கொடுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அவன் வீட்டில் ஒட்டாத பூச்சுப் பாத்திரங்களைச் சமையலறையிலிருந்து எடுத்தாயிற்றா என்று கேட்டேன், அந்தப் பூச்சு அதிகமாகச் சூடேறினால் வரும் புகை நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். அவகாடோ, சாக்லேட் கிட்டவே கூடாது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். தோளில் ஏறி அவன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது மூத்தது, சிரிஞ்சில் ஒரு சொட்டு வாங்காத குஞ்சு.

கடைசிக் குஞ்சு இன்னும் அப்பனிடம் இரை கேட்டுக் கத்துகிறது, அவனும் ஊட்டுகிறான். அதைக் கேட்டு வந்தவரிடம் ஜூனில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.