வாழையின் குணம் கொண்ட ஒரு மலைச்செடி

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் எங்கள் வீட்டின் தெற்குச் சுவரோரமாக, பகல் முழுவதும் வெயில் விழும் இரண்டு முழத் தரையில், செம்பர்விவம் அரக்னோய்டியம் என்ற அல்ப்ஸ் மலைச்செடியைப் படரவிட்டிருக்கிறேன். அரைப் பிராங்கு நாணயமளவே உள்ள அதன் இலையடுக்குகளில் நுனிக்கு நுனி வெள்ளை நூல் ஓடுவதால், சிலந்தி வலை பின்னிவிட்டது என்று எண்ணிய அம்மா முதல் நாளே தும்புத்தடியை எடுத்துவிட்டார்.

முதன்முறை நட்டபோது, கத்தரிக்குப் போடுவதைப் போல மக்கிய எருவைக் கலந்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீரும் ஊற்றினேன். குளிருக்குத்தான் பயந்தேன். ஆனால் மார்கழியில் பனிக்கடியில் பத்திரமாக இருந்த செடி, பனி உருகி மண் சதசதவென்று கிடந்த மாசியில் அடி அழுகி, தொட்டதும் கையோடு வந்தது. இதன் பெரிய உறவான செம்பர்விவம் டெக்டோரத்தை இடி விழாது என்ற நம்பிக்கையில் ஐரோப்பியர், மண் அதிகமில்லாத வீட்டுக் கூரையிலேயே வளர்த்தார்கள் என்பதை அப்போது அறிந்திருந்தால், எருவைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இப்போது பாத்தியில் முக்கால் பங்கு சரளையும் பருமணலும்தான், பசளை கிடையாது. நம் ஊர் ரணகள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்த இது, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அதை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகிறது. வெயிலில் நீர் ஆவியாகிப் போவது இதனால் வெகுவாகக் குறைகிறது. மழையில்லாத ஆடியில் ஒவ்வோர் அடுக்கும் இறுகி உருண்டையாகிவிடும்; நூல்கள் நெருங்கிப் பாத்தியே வெளுத்துத் தெரியும். அதைக் கண்டு இரங்கி வாளியைத் தூக்காமலிருப்பதுதான் எனக்கு இன்னமும் கடினமான வேலை.

சில ஆண்டுகள் வளர்ந்த அடுக்கு, கோடையில் ஒரு சாண் உயரத்திற்குள் தண்டு விட்டு, நட்சத்திரம் போன்ற இளஞ்சிவப்புப் பூக்களைப் பூத்து, அத்தோடு செத்துப்போகும். முதலில் கண்டபோது மீண்டும் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று கலங்கினேன். குலை போட்ட வாழையும் அப்படித்தானே என்று அம்மா சொன்ன பிறகு குனிந்து பார்த்தால், காய்ந்த தாயைச் சுற்றி மிளகளவில் ஏழு குட்டிகள் இருந்தன.

புழு தேடி வரும் கருங்குருவிகள் அக்குட்டிகளைக் கிளறி எறிகின்றன. எறிந்தவற்றுள் இரண்டு, நடைபாதைக் கல்லிடுக்கில் தாமாகவே வேர்பிடித்திருக்கின்றன.