அரிப்பில்லாமல் கொட்டிய முடி

எங்கள் ராணிக்கு ஆறு வயது, லாப்ரடார் நாய். போன மாசியில் வாலில்தான் முதலில் முடி கொட்டியது. ஒரே மாதத்தில் எலிவால் மாதிரி வெறும் தோலாகிவிட்டது. அப்புறம் கழுத்துப்பட்டை உரசும் இடம், பிறகு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி.

"சொறி பிடிச்சிருச்சு" என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. தினமும் அவளைக் கட்டிப்பிடித்து விளையாடும் எதிர்வீட்டுப் பிள்ளைகள் வருவது நின்றுபோனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேப்பெண்ணெய் தடவினோம், குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். கடலூரில் ஒரு கிளினிக்கில் அலர்ஜி என்று சொல்லி மூன்று தடவை ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பலனில்லை.

வைகாசியில் வண்டி பிடித்துப் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடைக் கல்லூரிக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சொறிஞ்சுக்கிறாளா?" யோசித்தால், ஒருநாளும் இல்லை. "வெயிலைத் தேடிப் போய்ப் படுக்கிறாளா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தரையில் போய்ப் படுப்பாள், தூக்கிக்கொண்டுதான் கீழே வருவோம். பாதிச் சோறுதான் தின்றாள், எடையோ 34 கிலோ.

தோலைச் சுரண்டி, சொறி உண்டாக்கும் நுண்பூச்சி இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: அரிப்பில்லாமல் இரண்டு பக்கமும் சமமாகக் கொட்டினால் ஹார்மோனைச் சந்தேகிக்க வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிறும் தொங்கினால் சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பியில் கோளாறு. ஆண் நாய்க்கு விதை கீழிறங்காமல் உள்ளேயே தங்கிக் கட்டியானாலும் முடி கொட்டும். ராணிக்கு இவை எதுவும் இல்லை, மந்தமும் குளிரும்தான். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்காததாக இருக்கலாம்.

ஆனால் அன்று ரத்தம் எடுக்கவில்லை. ஸ்டீராய்டு உடம்பில் இருந்தால் தைராய்டு அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். நல்லவேளை, பழைய சீட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஆறு வாரம் காத்திருந்து எடுத்ததில் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) குறைவு, டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) கூடுதல், கொழுப்பும் அதிகம். தைராய்டு குறைவுதான் என்று உறுதியானது.

மாத்திரை லீவோதைராக்ஸின், தைராய்டு குறைவுக்கு மனிதர்கள் சாப்பிடும் அதேதான். காலையும் மாலையும் 600 மைக்ரோகிராம் என்றதும் மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கே அம்பதுதானேடா" என்று அம்மா பதறினார். நாயின் குடல் அதைக் குறைவாகத்தான் உறிஞ்சும், உடம்பும் சீக்கிரம் வெளியேற்றிவிடும், அதனால்தான் இந்த அளவு என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் நிம்மதி. அதற்காக வீட்டில் கிடக்கும் தைராய்டு மாத்திரையை யாரும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டோடு கொடுத்தால் சரியாக ஏறாது என்பதால் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை, ஏழுக்குச் சோறு. ஆறாவது வாரம் மறுபரிசோதனை. ஆறு மணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் பதினொன்றுக்கு ரத்தம் எடுத்தார்கள். போட்டு நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அளவு சரியா என்று தெரியும்.

சுறுசுறுப்பு இரண்டாவது வாரமே வந்துவிட்டது. முடிதான் சோதித்தது. இரண்டாம் மாதம் இன்னும் அதிகமாகக் கொட்டியதும் அழுதேவிட்டேன். புது முடி முளைக்கும்போது செத்த முடியைத் தள்ளும், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார் டாக்டர்.

ஐப்பசி மழையில் ஒருநாள் துண்டால் துவட்டும்போது வாலில் கை வைத்தேன். பீச்சம்பழத் தோல் மாதிரி மெல்லிய பூனைமுடி. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. எதிர்வீட்டுச் சின்னவன் இப்போது காலையில் வந்து, "ராணி மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான்.