நான்காவது கியரில் யான் லாமர்ஸ்

யான் லாமர்ஸ் என்ற பெயரை ஃபார்முலா 1 புள்ளிவிவரங்களில் தேடுபவருக்குக் கிடைப்பது ஒரு சுழியம் மட்டுமே. 1979 முதல் 1982 வரை ஷேடோ, ஏடிஎஸ், என்சைன், தியோடர் என்று வலுவற்ற அணிகளில் மாறி மாறி ஓட்டிய அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பல வாரங்களில் தகுதிச் சுற்றைத் தாண்டுவதே அவருக்குப் போராட்டமாக இருந்தது. அந்தச் சுழியத்தை வைத்து அவரை எடைபோடுவது பெரும் அநியாயம் என்று நெடுநாளாக நினைத்துவருகிறேன்.

1956இல் நெதர்லாந்தின் கடற்கரை ஊரான சாண்ட்வோர்ட்டில் பிறந்தவர் லாமர்ஸ். அங்குள்ள பந்தயத் தடத்தை ஒட்டி ராப் ஸ்லோட்டமேக்கர் நடத்திவந்த வழுக்குப் பயிற்சிப் பள்ளியில், சிறுவனாக இருக்கும்போதே கார்களைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். ஈரத் தரையில் பிடிப்பை இழந்து சுழலும் காரை எப்படி மீட்பது என்று பெரியவர்களுக்குக் கற்றுத்தரும் இடம் அது. டயர் எந்தக் கணத்தில் தரையை விடப்போகிறது என்பதை இருக்கையின் அசைவிலிருந்தே உணரும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. 1973இல், 16 வயதில் சிம்கா காரோடு களமிறங்கி, அந்த ஆண்டே தேசிய டூரிங் கார் பட்டத்தை வென்றார். 1978இல், ஃபார்முலா 1க்குக் கீழ்நிலைப் போட்டியான ஐரோப்பிய ஃபார்முலா 3 பட்டமும் அவருக்கே கிடைத்தது. ஆண்டர்ஸ் ஓலோஃப்சனும் அவரும் புள்ளிகளில் சமமாக நின்ற அளவுக்கு நெருக்கமான போட்டி அது.

ஃபார்முலா 1இல் அவருடைய திறமை ஒரே ஒருமுறை முழுமையாக வெளிப்பட்டது. 1980இல் லாங் பீச் தெருக்களில், ஏடிஎஸ் காரைத் தகுதிச் சுற்றில் நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆனால் பந்தயம் தொடங்கிய முதல் சுற்றிலேயே அச்சுத்தண்டு முறிந்து கார் நின்றுவிட்டது.

அதன் பிறகு நீண்ட நேரப் பந்தயங்கள் அவரை ஏற்றுக்கொண்டன. 1987இல் ஜாகுவார் அணியில் ஜான் வாட்சனுடன் சேர்ந்து ஹராமா, மோன்ஸா, ஃபூஜி ஆகிய மூன்று இடங்களில் வென்றார். அடுத்த ஆண்டு ஜூன் 11, 12 தேதிகளில் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் வந்தது. ஜானி டம்ஃப்ரீஸ், ஆண்டி வாலஸ் ஆகியோரோடு அவர் பகிர்ந்துகொண்டது 7 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின் பொருத்திய ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-9 கார். எதிரே நின்றது 1981 முதல் தொடர்ந்து ஏழு முறை அங்கே வென்றிருந்த போர்ஷே.

அந்தப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. முன்னிலையில் இருந்த காரின் கியர்பாக்ஸில் ஏதோ சரியில்லை என்பது லாமர்ஸின் கைக்குத் தெரிந்துவிட்டது. அதே அணியின் இன்னொரு காரை ஏற்கெனவே கியர்பாக்ஸ் பழுது வெளியேற்றியிருந்தது. இந்த அறிகுறி எங்கே போய் முடியும் என்பது அவருக்குப் புதிதல்ல. எனவே அவர் காரை நான்காவது கியரில் வைத்தார், பிறகு லிவரைத் தொடவேயில்லை. மல்சான் நேர்பாதையில் அந்த ஒரே கியரில் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அர்னாஜ் போன்ற மெதுவான வளைவுகளிலோ எஞ்சின் திணறாமல் இழுத்து வெளியே வர வேண்டும். சிறிய எஞ்சினாக இருந்தால் அது முடிந்திராது. முறுக்குவிசை மிகுந்த அந்தப் பெரிய வி12 அவரைத் தாங்கியது. அதே நேரத்தில், சிக்கலில் இருக்கிறோம் என்பதைப் பின்னால் துரத்திய போர்ஷேக்குக் காட்டிக்கொள்ளவும் கூடாது. ஸ்டுக், பெல், லுட்விக் மூவரும் ஓட்டிய அந்தக் காரும் 394 சுற்றுகளை முடித்தது. லாமர்ஸும் 394 சுற்றுகளோடு, சில நிமிடங்கள் முன்னதாக எல்லைக்கோட்டைக் கடந்தார். 1957க்குப் பிறகு ஜாகுவாருக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி அது.

எப்போது வேகமாகப் போகக் கூடாது என்பதை அறிந்து, அந்த அறிவின்மீது கடைசி நிமிடம்வரை நம்பிக்கை வைப்பதும் ஓட்டுநரின் உச்சத் திறமைதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு தகுதிச் சுற்றின் கடிகாரம் இதை அளப்பதில்லை. 1990இல் டேவி ஜோன்ஸ், வாலஸ் ஆகியோருடன் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தையும் அவர் வென்றார். 1992இல் மார்ச் அணிக்காக சுசூகாவில் மீண்டும் ஃபார்முலா 1இல் ஓட்டினார். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே பத்து ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட்டுத் திரும்பியவர் வேறு எவரும் இல்லை. பின்னர் ரேசிங் ஃபார் ஹாலண்ட் என்ற தன் சொந்த அணியைத் தொடங்கி, காரின் உடல் முழுவதும் வரைந்த கட்டங்களை ஆதரவாளர்களுக்கு விற்றுச் செலவைச் சமாளித்தார்.

2018இல், 62 வயதில், டல்லாரா காரில் மீண்டும் லெ மான்ஸுக்கு வந்தார். அந்தக் காரில் அவருடைய இணை ஓட்டுநர்களில் ஒருவர் கீடோ வான் டெர் கார்டே. 2013இல் கேட்டர்ஹாம் அணிக்காக 19 ஃபார்முலா 1 பந்தயங்கள் ஓட்டி ஒரு புள்ளியும் இல்லாமல் வெளியேறியவர். லாமர்ஸ் நான்காவது கியரில் அந்த எல்லைக்கோட்டைக் கடந்தபோது வான் டெர் கார்டேவுக்கு 3 வயது.