ஆறாவது ஈஸ்வரம்

ஈழத்தில் சிவனுக்குப் பஞ்ச ஈஸ்வரங்கள் உண்டு. எங்கள் திருகோணமலைக்கு வாய்த்தது கோணேஸ்வரம். ஆறாவதாகச் சாளேஸ்வரம் என்று ஒன்று இருப்பதாகவும், அது என் முகத்திலேயே எழுந்தருளியிருப்பதாகவும் என் மனைவி மூன்று வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளெழுத்துக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒப்புக்கொள்வானேன்? கோயிலுக்குப் போய்ச் சுவாமி மலையில் நின்றால், கடலில் திமிங்கிலம் நீர் பீச்சுவதைக் கூட்டத்தில் முதலில் காண்பவன் நான்தான். உவர்மலையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றபடி, துறைமுகத்துக்குள் வரும் கப்பலின் கொடியைப் பார்த்து எந்த நாடு என்று சொல்லிவிடுவேன். (சரியாகத்தான் சொன்னேனா என்று யாரும் கப்பலுக்குப் போய்க் கேட்டு வந்ததில்லை.) இப்படிப்பட்ட கண்ணில் குறை இருக்குமா? பத்திரிகைக்காரர்கள் தாளை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள். மருந்துப் பெட்டியிலோ எறும்பு ஊர்ந்தது போல அச்சடிக்கிறார்கள். எனக்குக் கை மட்டும் இன்னும் அரை முழம் நீளமாக இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது.

ஆகஸ்ட் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தங்கையின் மகள் வந்தாள். பன்னிரண்டு வயது. சோடாப் போத்தலின் அடிப்பாகம் போன்ற கண்ணாடி. ஏதேனும் ஒரு பூவுக்கு வரும் பூச்சிகளை ஐந்து நாள் பார்த்துக் கொப்பியில் எழுதி வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்களாம். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளை எதைப் பார்க்கப் போகிறது என்று எனக்கு இரக்கமாகிவிட்டது. மாமன் இருக்கப் பயமேன் என்று நானே கூடப் போனேன்.

கச்சான் காற்று எழும்பினால் கிளையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே காலை ஏழு மணிக்கே இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி முருங்கைக்குப் போய்விட்டோம். பூத்துக் குலுங்கிய கிளை ஒன்று முகத்துக்கு நேரே தாழ்ந்திருந்தது. பூவில் வந்து அமர்ந்த ஒன்றை உடனே கைத்தொலைபேசியில் படம் பிடித்து, ‘உழைப்பின் சிகரம் தேனீ’ என்று எழுதி, உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். டொரன்டோ, லண்டன், சிட்னி என்று திசையெங்கும் இருந்து கைதட்டல்கள் வந்தன. மருமகள் படத்தை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள்.

நான் பாடத்தைத் தொடங்கினேன். தேனீக்கு ஐந்து கண்கள். பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய கூட்டுக் கண் இரண்டு, உச்சியில் பொட்டு வைத்தது போல மூன்று. வேலைக்காரத் தேனீயின் ஒரு கூட்டுக் கண்ணுக்குள் சுமார் 5,000 சிறுகண்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குச் சிவப்பு தெரியாது. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி தெரியும். முதல் நாள் இரவு படித்து வைத்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு தேனீயும் வசமாக அகப்பட்டது. ஒரே பூவில், தலையை உள்ளே விட்டபடி, கால்மணி நேரமாக அசையாமல் இருந்தது.

“பார், எவ்வளவு ஒருமுகப்பட்ட மனம்! படிப்பிலும் இப்படித்தான் இருக்க வேண்டும்” என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாள். பூவுக்கு நான்கு விரற்கடை தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனாள். பெயரே சொல்கிறது, கிட்டப்பார்வை என்று. கிட்ட இருப்பது அவர்களுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும். அது எனக்கு அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

“மாமா, அது செத்துப்போய்விட்டது.”

“என்ன?”

“வெள்ளைச் சிலந்தி ஒன்று கழுத்தைக் கவ்விப் பிடித்திருக்கிறது. நண்டு மாதிரி முன்காலை விரித்து வைத்திருக்கிறது.”

நண்டுச் சிலந்தி வலை பின்னாது. பூவின் நிறத்திலேயே பூவுக்குள் காத்திருந்து, வருகிற தேனீயைப் பிடிக்கும் என்று பிறகு அவளே விளக்கினாள். கால்மணி நேரமாக நான் பாராட்டியது ஒரு பிணத்தை. அதைக் கொப்பியில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “உள்ளதைத்தானே எழுத வேண்டும்” என்றாள். தங்கையின் வளர்ப்பு அப்படி.

மறுநாள், போன மானத்தை மீட்கப் போனேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதென்று முடிவு. ஆனால் வெள்ளெழுத்தில் உள்ள சிக்கல் பட்டவனுக்குத்தான் தெரியும். பத்திரிகை என்றால் கையை நீட்டிச் சமாளிக்கலாம். தேனீயைக் கை நீளத்துக்கு அப்பால் வைத்தால் அது தூசி. கிட்டே போனால் அது மஞ்சள் புகை. தூசிக்கும் புகைக்கும் நடுவில் எங்கோ தேனீ இருக்கிறது என்று முகத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். சமையலறைச் சன்னலில் நின்று பார்த்த மனைவி, எனக்குக் கலை வந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

பூவை விட்டுக் கிளம்பிய தேனீ என் புருவத்துக்குள் சிக்கியது. எங்கள் பரம்பரைப் புருவம் அப்படி, கொஞ்சம் அடர்த்தி. சும்மா இருந்திருந்தால் அது வழி கண்டுபிடித்துப் போயிருக்கும். நான் அறைந்தேன். நசுக்கினால் எந்தத் தேனீதான் பொறுக்கும்?

வலது இமையில் கொட்டு. மனைவி சுண்ணாம்போடு ஓடிவந்தாள். மருமகள், “கண்ணுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பா?” என்று தடுத்துவிட்டு, நகத்தால் ஒரே சுரண்டில் கொடுக்கை எடுத்துக் காட்டினாள். எனக்கு எங்கே தெரிகிறது? தேனீயை விட்டுப் பிரிந்த பிறகும் கொடுக்கோடு ஒட்டியிருக்கும் நச்சுப்பை துடித்துத் துடித்து நஞ்சை இறக்குமாம்; அதனால் எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியமாம். பிறகு ஒத்தடம். வீட்டில் ஐஸ்கட்டி இல்லை. உறைபெட்டியில் சூரை மீன் இருந்தது. அரை மணித்தியாலம் அந்தப் பொதியை முகத்தில் அழுத்திக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பூனை வந்து காலடியில் உட்கார்ந்துகொண்டது.

ஒரு கண் மூடிக் கிடந்த அந்த இரண்டு நாளும் மருமகள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். அப்படி அறிமுகமானவர் சுவிற்சர்லாந்தின் பிரான்சுவா ஹூபர், 1750 முதல் 1831 வரை வாழ்ந்தவர். இளமையிலேயே பார்வை மங்கத் தொடங்கி முழுக்க இழந்தவர். ஆனாலும் தேனீக்களைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர். இராணித் தேனீ கூட்டுக்குள் அல்ல, வெளியே பறந்துபோய்த்தான் ஆணோடு சேரும் என்பதைச் சோதித்துக் காட்டியவர். கேள்வி அவருடையது, கண் அவருடைய வேலையாள் பூர்னனுடையது. ஒரு சோதனைக்காகக் கூட்டிலிருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார் அந்த மனிதர். ஒற்றைத் தேனீயோடு நான் பட்ட பாட்டை நினைத்து, பூர்னனை மனதுக்குள் கும்பிட்டேன்.

“பார்த்தாயா? கண்ணே இல்லாமல் ஒருவர் எவ்வளவு சாதித்திருக்கிறார்!” என்று மனைவியிடம் சொன்னேன்.

“அவர் தனக்குக் கண் தெரியாது என்று ஒப்புக்கொண்டாரே” என்றாள்.

வீக்கம் வடிந்த அன்று மத்திய வீதிக்குப் போய்க் கண்ணாடிக் கடைப் படியேறினேன். பரிசோதனை அட்டையில் மிகச் சிறிய வரியை ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்று கடகடவென ஒப்பித்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “ஐயா, அதை எல்லோரும் மனப்பாடமாகத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் வரியை வாசியுங்கள்” என்றார். மேல் வரியில் வள்ளுவர் கைவிட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை, மூக்கில் புதுக் கண்ணாடியோடு முருங்கையடிக்குப் போனேன். தேனீ ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகில் உரோமம் இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்கால்களில் மகரந்தத்தைப் பயற்றம் பருப்பு அளவில் உருட்டி ஒட்டி வைத்திருந்தது. அது சற்று நின்று, ஓர் உணர்கொம்பை முன்காலின் மடிப்புக்குள் கொடுத்து, நெல்லை உருவுவது போல உருவியது. பிறகு மற்றதை. அதன்பின் காலால் தன் கண்ணைத் துடைத்தது, நான் சாரத்தின் நுனியால் கண்ணாடியைத் துடைப்பதைப் போலவே. தேனீயின் கண்மீதும் உரோமம் உண்டாம். அதில் மகரந்தம் ஒட்டினால் துடைத்துத்தான் ஆக வேண்டும். ஐந்து கண் உள்ளதே துடைத்துத் துடைத்துப் பார்க்கிறது. நான் காற்று எழும்பும் வரை எழுந்திருக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போனது.

அந்த உற்சாகத்தில் முதல் நாள் எடுத்த படத்தைத் திறந்து பெரிதாக்கினேன்.

தேனீக்கு இறகு நான்கு. படத்தில் இருந்ததற்கு இரண்டு. உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு குச்சம். கண்கள் இரண்டும் தலையில் இடமே விடாமல் நெருங்கி நின்றன. தேனீ வேடம் போட்ட ஈ!

“உனக்கு அன்றைக்கே தெரியுமா?”

“தெரியும் மாமா. நீங்கள் புற ஊதா ஒளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.”

குழுவில் எழுதித் திருத்திவிடலாம் என்று திறந்தால், டொரன்டோவில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் மச்சாள் ஒரு படம் போட்டிருந்தாள். வகுப்பறைச் சுவர். அகரவரிசை அட்டைகளின் நடுவே, ‘தே – தேனீ’ என்பதன் கீழ் என் ஈ, பெரிதாக அச்சாகி, கீழே என் பெயரோடு.

மனைவி என் கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

“தேன், ஈ என்று பிரித்தால் பாதி சரிதானே” என்றாள்.

மருமகள் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “‘ஈ’ எழுத்துக்கு மாற்றி ஒட்டச் சொல்லுங்கள், மாமா.”