கோடு எங்கே போடுவது?

"நீங்கள் நகரத் திட்டமிடலா, சூழலியலா?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "இரண்டும்தான்" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிறேன். என் முதுகலைப் படிப்பு பயோரீஜனல் திட்டமிடலும் சமுதாய வடிவமைப்பும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மண் என்ன வகை, எந்தச் செடி தானாக முளைக்கிறது என்று பார்த்து ஒரு வட்டாரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அங்கே வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து வீடு, சாலை, விளைநிலம் எல்லாவற்றுக்கும் திட்டம் போட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். படிப்பு முழுக்க எங்கள் வகுப்பு மாய்ந்து மாய்ந்து சண்டை போட்டது ஒரே விஷயத்துக்காக: அந்த வட்டாரத்தின் எல்லைக்கோடு.

ஜிஐஎஸ் என்கிற, வரைபடத் தரவை அலசும் மென்பொருளுக்கு இதில் குழப்பமே கிடையாது. நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்த உயரத் தரவை ஏற்றி, அதில் பிழையாக விழுந்த போலிப் பள்ளங்களை நிரப்பிவிட்டால், ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் தண்ணீர் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எதற்கு இறங்கும் என்று கணக்கிட்டுவிடும். ஓடையின் மேல் ஒரு புள்ளி வைத்தால் போதும், அந்தப் புள்ளிக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு, அதாவது வடிநிலம், முழுவதும் நிறம் மாறி நிற்கும். புள்ளி ஒரு கட்டம் தள்ளி விழுந்தால் வடிநிலத்துக்குப் பதில் ஒரு கீற்றுதான் கிடைக்கும். சரியாக விழுந்துவிட்டாலோ, மலை முகடுகள் வழியே ஓடும் அந்தக் கோடு இயற்கையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எல்லை என்று நம்பத் தோன்றும். ஆனால் நிலத்தடி நீர் அந்த முகட்டுக்கோட்டுக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியம் இல்லை. முகட்டின் இரண்டு பக்கமும் உறவு வைத்திருக்கிற மனிதர்களுக்கும் இல்லை.

இந்தத் துறையில் அமெரிக்க நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவலைக் கொண்டாடாதவர்கள் குறைவு. அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியை ஆற்று வடிநிலங்களாகப் பிரித்து 1890இல் அவர் வெளியிட்ட வரைபடம் உண்மையிலேயே அழகானது. அந்தந்த வடிநிலத்து மக்களே தங்கள் தண்ணீரை நிர்வகிக்கட்டும் என்றார், அரசு ஏற்கவில்லை. அங்குள்ள மாநில எல்லைகள் பல இன்றும் அளவுகோல் வைத்து இழுத்த நேர்க்கோடுகள்தாம். எனக்கு அவர்மேல் பாதி மரியாதைதான். பழங்குடிகளை ஆராயும் அரசு அலுவலகத்துக்கு 1879 முதல் தலைவராக இருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் வகுத்த பாசனத் திட்டமோ குடியேற வருகிறவர்களுக்கானது.

ஓர் உண்மையான இடத்துக்குத் திட்டம் போட்டுப் பழகும் ஸ்டுடியோ பாடத்துக்காக நாங்கள் போன பள்ளத்தாக்கில் ஒரு கூட்டம் நடத்தினோம். மேசையில் பெரிய வரைபடம், அதன்மேல் டிரேசிங் தாள், வண்ணப் பேனாக்கள். மண், சரிவு, வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒளிபுகும் தாள் வைத்து அடுக்கிப் பார்க்கும் முறையை 1960களில் பரப்பியவர் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இயான் மெக்ஹார்க். எங்கள் தாளில் வரைய வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள். வெகுநேரம் யாரும் பேனாவைத் தொடவில்லை. ஒரு மூதாட்டி எழுந்து வந்து, வரைபடத்தைத் தாளோடு சேர்த்துத் தலைகீழாகத் திருப்பினார். வடக்கு மேலே இருக்கும்படி நாங்கள் வைத்திருந்தோம். அவர்களுக்கோ ஆறு இறங்கி வரும் தெற்கு மலைதான் மேலே. திருப்பியதும் ஆளுக்கொரு பேனாவை எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் இடத்தை ஒருவர் நீல நிறத்தில் நிரப்பினார். எங்கள் வெள்ள வரைபடத்தில் அது காய்ந்த நிலம். மூதாட்டி போட்ட எல்லைக்கோடு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. அங்கிருப்பவர்களும் இந்தக் காட்டுக்குத்தானே வருகிறார்கள், அவர்களை எப்படி வெளியே விடுவது என்று எங்களைக் கேட்டார்.

அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். கீழ் இரண்டு படிகள் பங்கேற்பே அல்ல என்பது அவர் கணிப்பு. எங்கள் கூட்டம் நடுப்படிக்கு ஏறியிருக்கும். கருத்துக் கேட்டோம், முடிவு அவர்கள் கையில் இல்லை. எங்கள் கையிலும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கு மூன்று நிர்வாகங்களுக்குள் வருகிறது. அறிக்கையை எந்த அலுவலகமும் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் அவரவர் எல்லைக்குள் வரும் பக்கங்களை மட்டும் பிரித்து மூன்று உறைகளில் அனுப்பினோம்.

இந்தப் படிப்பில் சேர நினைக்கிறவர்கள் பாடப்பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஸ்டுடியோ அறிக்கை கடைசியில் யார் மேசைக்குப் போகிறது, அடுத்த ஆண்டு மாணவர்களும் அதே இடத்துக்குப் போவார்களா என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு புது ஊர் என்று பெருமையாகச் சொன்னால், நானாக இருந்தால் வேறு கல்லூரி பார்ப்பேன்.